பதினாறு துளைகள்

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய பழைய வேன்.
உள்ளே கட்டில் போட்டு, அடுப்பு வைத்து,
ஜன்னலுக்குப் பூத்துணி தைத்து
சிலிம் ரிவர் பட்டறைக்கு ஓட்டி வந்தார்
குணவதி மிஸ்ஸி.
பென்ஷன் வாங்கிய மறுவாரம்.
மேலே சூரியப் பலகை இரண்டு வேண்டும்.

"ஓட்டை மட்டும் போடாதே வீரா.
லயத்தில் ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே
பத்தொன்பது வருசம் படுத்தவள் நான்.
கட்டிலை எந்த மூலைக்கு இழுத்தாலும்
சொட்டு கூடவே வரும்."

வெல்டிங் தெரிந்த எனக்கு
முடியாது என்று சொல்லத் தெரியவில்லை.
பசை வைத்து ஒட்டினேன்.
டப்பாவில் போட்டிருந்தது:
எதையும், எதோடும், எப்போதும்.

தாப்பா தாண்டி நெடுஞ்சாலையில்
காற்று அந்த டப்பாவைப் படித்துப் பார்க்கவில்லை.
முன்விளிம்பில் ஒரு விரல் நுழைத்திருக்கிறது,
பிறகு ஒரே இழுப்பு.
செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்கு முன்னால்
விழுந்து நொறுங்கியது பலகை.
லாரிக்காரர் பிரேக்கை மிதித்தார்.
சாலையெல்லாம் குலை உருண்டது.

"யாருக்கும் ஒன்றுமில்லை,"
என்றார் மிஸ்ஸி போனில். மூன்று தடவை.
மூன்றாவது எனக்குக் கேட்கவில்லை.
லாரி வந்த இடத்தில்
பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்த
ஒரு மோட்டார்சைக்கிளை
விடியும்வரை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை நான் கேட்கவில்லை, சொன்னேன்.
"துளை போடணும் மிஸ்ஸி. பதினாறு."
வேனைச் சுற்றி ஒரு சுற்று நடந்தார்.
டயரை ஒரு உதை உதைத்தார்.
"வலிக்காது என்று சொல்லி
நான் யாருக்கும் ஊசி போட்டதில்லை.
போடு."

கூரையைத் தட்டித் தட்டிக் கேட்டேன்.
வெறும் தகரம் டொங்கென்றது.
விலா எலும்பு ஓடும் இடத்தில் குரல் தடித்தது.
அங்கே புள்ளி வைத்து, துளைத்து,
ஓரத்துப் பிசிறை அரத்தால் மழித்து,
பச்சைக் காயத்தில் துருத்தடுப்புப் பூசி,
காயும்வரை ஒரு தே ஓ குடித்தேன்.
பிறகு பிசின் பட்டை, துருப்பிடிக்காத போல்ட்,
நெற்றிப்பொட்டைவிடப் பெரிய வாஷர்.

உள்ளே, மிஸ்ஸியின் கட்டிலில் பேப்பர் விரித்து
மல்லாந்து படுத்திருந்தான் சொஹேல்,
கையில் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர்.
ஒரு தட்டு: முறுக்கு.
இரண்டு தட்டு: போதும்.
அவன் வங்காளத்துக்கும் என் தமிழுக்கும் நடுவே
ஒரு மில்லிமீட்டர் தகரம்தான்.
ஏழாவது போல்ட்டில் அவன் பதில் தட்டினான்,
மூன்று தட்டு.
அதற்கு அர்த்தம் பேசி வைக்கவில்லை.
எட்டிப் பார்த்தால், கையில் சுளுக்கு.

பலகைக்கும் கூரைக்கும் நடுவே மூன்று விரல் இடம்:
வெயிலைத் தின்கிறதுக்கும் மூச்சு வேண்டும்.
முன்னால் சரிவாக ஓர் அலுமினியத் தகடு,
காற்றின் விரலுக்கு.

நான்கு மணிக்கு இருட்டியது.
எங்களூர் மழை பஞ்ச் கார்டு அடித்து வருகிறது.
மிஸ்ஸி ஒரு சாக்கைப் பிரித்தார்,
உள்ளே பால் மங்குகள்.
செடி வைக்க வாங்கினாராம், வெள்ளிக்கு மூன்று.
போல்ட்டுக்கு ஒன்றாகக் கீழே வைத்தோம்:
கட்டிலில் ஆறு, அடுப்பின் மேல் இரண்டு,
மிச்சம் தரையில்.
சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுத்
தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

இரவெல்லாம் கொட்டியது.

காலையில் கதவைத் திறந்தோம்.
பதினைந்து வறண்டிருந்தன,
அதில் ஒன்றில் ஓர் எறும்பு.
ஒன்பதாவதில் மூன்று சொட்டு.

மங்கை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார் மிஸ்ஸி,
வார்டில் புட்டியைப் பார்க்கிற மாதிரி.
"யாருக்கும் ஒன்றுமில்லை," என்றார்.

நான் ஏணியை எடுத்தேன்.